கட்டளை வரியில் டிஸ்க் இடம் பார்ப்பது: டிஎஃப் ஒன்று சொல்ல, டியு வேறொன்று சொன்னால்

‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ (டிஸ்க்கில் இடமில்லை) என்று லினக்ஸ் அடம்பிடித்தால் முதலில் எங்கே பார்ப்பது, அடுத்து எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு. டிஎஃப் (‘டிஸ்க் ஃப்ரீ’) டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும் கட்டளை, டியு (‘டிஸ்க் யூசேஜ்’) எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று சொல்லும் கட்டளை. டெர்மினல் திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகள்தான். பெரிய எழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

படி 1: மொத்தக் கணக்கு

டிஎஃப் -எச்

ஒவ்வொரு வரியும் ஒரு ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை வைக்க டிஸ்க்கில் அமைத்த ஒரு பகுதி. கடைசிப் பத்தியில் வெறும் / இருக்கும் வரிதான் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது. ‘அவைல்’ என்பது மிச்சமிருக்கும் இடம். நீங்கள் இருக்கும் ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று குழப்பமா? கட்டளைக்குப் பின்னால் ஒரு புள்ளி சேர்த்து டிஎஃப் -எச் . என்று அடித்தால் அந்த ஒரு வரி மட்டும் வரும்.

உபுண்டுவில் ‘/டெவ்/லூப்’ என்று தொடங்கும் வரிகள் 100% காட்டும். அவை ஸ்நாப் செயலிகளின் படிக்க மட்டுமேயான கோப்புகள், எப்போதும் அப்படித்தான் இருக்கும். கை வைக்காதீர்கள்.

படி 2: யார் தின்றது?

சூடோ டியு -எக்ஸ் -எச் -டி 1 / | சார்ட் -எச்

கடைசி வரி மொத்தக் கணக்கு, அதற்கு நேர் மேலே இருப்பதுதான் பெரிய ஃபோல்டர். அதற்குள் போய், / இருந்த இடத்தில் அந்தப் பாதையைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். -டி என்பது ‘டெப்த்’தின் முதல் எழுத்து. -எக்ஸ் முக்கியம், அது இல்லையென்றால் இணைத்து வைத்திருக்கும் மற்ற டிஸ்க்குகளையும் சேர்த்து எண்ணும். சூடோ என்பது கட்டளையை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது, அது இல்லாவிட்டால் அனுமதி இல்லாத ஃபோல்டர்கள் கணக்கிலேயே வராது.

நான் இதை இப்போது அதிகம் அடிப்பதில்லை. என்சிடியு என்று ஒரு கருவி இருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள். அம்புக்குறி விசையால் உள்ளே வெளியே போய் வரலாம். வண்ண வண்ணமாக வட்டம் போட்டுக் காட்டும் மென்பொருள்களைவிட இதுவே எனக்குப் பிடித்தது, சர்வரிலும் ஓடும் என்பதால். ஒன்று மட்டும்: அதில் டி விசை (‘டெலீட்’டின் முதல் எழுத்து) கோப்பை அழிக்கும். வெறுமனே பார்க்க என்றால் -ஆர் சேர்த்துத் திறவுங்கள்.

படி 3: அழித்தும் இடம் வரவில்லையா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒரு பெரிய லாக் கோப்பை (நிரல் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் கோப்பு) ஆர்எம் என்ற அழிப்புக் கட்டளை போட்டு அழித்தாயிற்று. டியு கணக்கில் அது போய்விட்டது. டிஎஃப் மட்டும் அதே 100%. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தாலும் அதே.

காரணம் எளிதுதான். ஆர்எம் அழிப்பது கோப்பின் பெயரை. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை உள்ளே இருக்கும் தரவு டிஸ்க்கிலேயே இருக்கும். நிரல் அதில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும்! டியு ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்ப் பெயர்களைப் பார்த்து எண்ணுகிறது. பெயர் இல்லாததை அது எங்கே காணும்? டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடம் கேட்கிறது. அதனால்தான் கணக்கு உதைக்கிறது.

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இதில் + குறிக்குப் பின்னால் வரும் எல் பெரிய எழுத்து. பெயர் அழிந்தும் திறந்தே இருக்கும் கோப்புகளை இது பட்டியலிடும். அளவுப் பத்தியில் பெரிய எண் எதுவோ, அதே வரியின் முதல் பத்தியில் நிரலின் பெயர் இருக்கும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே திரும்பும். மெஷினையே ரீபூட் செய்தாலும் சரியாகும், ஆனால் ஒரு லாக் கோப்புக்காக அது தேவையா?

இனி ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக் என்றால் அழிக்காமல் காலி செய்யுங்கள்:

சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 கோப்பின்பெயர்

கோப்பு இருக்கும், உள்ளடக்கம் போய்விடும், இடமும் கிடைக்கும்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம்.

மொத்த அளவிலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் ‘அவைல்’ வரவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். லினக்ஸின் ஃபைல் சிஸ்டம் வகையான இஎக்ஸ்டி4 வழக்கமாக 5% இடத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் சுமார் 50 ஜிபி துண்டு விழும். வெறும் தரவு வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையின் -எம் வழியாக 1% ஆக்கிக்கொள்ளலாம். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் அதைத் தொடாமல் விடுவதே என் கட்சி. டிஸ்க் நிரம்பினாலும் ரூட் உள்ளே வந்து சுத்தம் செய்ய அந்த இடம்தான் உதவும்.

இன்னொருவருக்கு ஜிபி கணக்கில் இடம் தாராளமாக இருந்தும் அதே பிழை. அப்படியானால் இதை அடியுங்கள்:

டிஎஃப் -ஐ

இது காட்டுவது ஐநோடுகளை, அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவுகளை. கோப்பு ஒன்றுக்கு ஒரு ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4-இல் அதன் எண்ணிக்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி கேஷ் கோப்புகள் சேர்ந்தால் இடம் இருக்க ஐநோடு தீர்ந்துபோகும். எந்த ஃபோல்டர் என்று பார்க்க, படி 2-இல் -எச் இருக்கும் இடத்தில் --ஐநோட்ஸ் போடுங்கள், சார்ட்டுக்கு -என். அவர் விஷயத்தில் குற்றவாளி, யாரும் காலி செய்யாத ஒரு செஷன் ஃபோல்டர்.