வியட்நாமிய மொழி படிக்க ஒரு வீட்டில் போய்த் தங்குமுன்

ஹனோயில் நான் தங்கின வீட்டுப் பாட்டி முதல் நாள் கேட்டது என் பெயரை அல்ல, வயதை. புத்தகத்தில் 'நான்' என்பதற்கு 'தோய்' என்று படித்திருந்தேன். அதையே போட்டுப் பதில் சொன்னேன். பாட்டி சிரித்தார். மருமகள்தான் திருத்தினார்: பாட்டியிடம் நீ 'தோய்' இல்லை, 'சாவ்'. அதாவது பேரப்பிள்ளை.

பலரும் செய்கிற முதல் தவறு இதுதான். வீட்டுப் பேச்சில் எல்லாரிடமும் செல்லுகிற 'நான்', 'நீ' அந்த மொழியில் கிடையாது. எதிரில் இருப்பவர் அண்ணன் வயது என்றால் அவர் 'அஞ்', அக்கா வயது என்றால் 'சி'. அவர்களிடம் நீங்கள் உங்களையே 'எம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும், தம்பி அல்லது தங்கை. பெரியப்பாவுக்கு 'பாக்', சித்தப்பாவுக்கு 'சூ'. பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு என்று பிரித்துப் பழகிய நமக்கு இது புரியாத கணக்கில்லை. ஆனால் யாரிடம் பேசினாலும் நம் 'நான்' மாறுவதில்லை, அவர்களுடையது மாறுகிறது. வயது தெரியாமல் வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது என்பதால்தான் கேட்கிறார்கள். துருவுகிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். 'தோய்' தவறான சொல் அல்ல, மேடையிலும் அலுவலகத்திலும் சரி. வீட்டுக்குள் சொன்னால் விலகி நிற்பதுபோல் ஆகிவிடும்.

மரியாதைக்கு நாம் 'ங்க' சேர்ப்பதுபோல் வடக்கே வாக்கியக் கடைசியில் ஒரு கனத்த 'ஆ' வரும். தெற்கே பதிலின் தொடக்கத்திலேயே 'யா' போடுவார்கள். விட்டுவிட்டால் பெரியவர்கள் காதில் வெடுக்கென்று விழும்.

அடுத்தது, தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பது. (இங்கே நானும் அதைத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை.) அரிச்சுவடியோடு நாம் மறந்துபோன 'ங' அங்கே சொல்லின் முதலிலேயே வரும். வீடு என்பதே 'ஞா'. இந்த இரண்டிலும் நமக்கு லாபம். ஆனால் 'தோய்' என்பதில் கொஞ்சம் மூச்சுக்காற்று கலந்தால் 'போதும், விடு' என்று அர்த்தம் மாறிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'த'தான். தொனியை, அதாவது சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தை, எழுத நம்மிடம் குறியே இல்லை. ஹனோய்ப் பேச்சில் ஆறு தொனி. 'மா' என்ற ஒரே ஒலி தொனியைப் பொறுத்து பேய், ஆனால், கல்லறை, நாற்று என்று மாறிக்கொண்டே போகும். இதில் நம் பழக்கம் ஒன்று காலை வாரும்: கேள்வி என்றால் கடைசிச் சொல்லில் குரலை உயர்த்துவோம். அங்கே உயர்த்தினால் அந்தச் சொல்லே வேறாகிவிடும்.

ஊரையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வடக்கே ஹனோய், தெற்கே ஹோ சி மின் நகரம் இரண்டிலும் உள்ள சமூக அறிவியல், மனிதப் பண்பாட்டியல் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கு மொழி வகுப்பு உண்டு. நம் ஊரில் இருந்தபடி இணையத்தில் வடக்கத்தி ஆசிரியரிடம் படித்துவிட்டுத் தெற்கே ஒரு வீட்டில் இறங்கினால் தலை சுற்றும். வடக்கே 'ஸாய்' என்பதைத் தெற்கே 'யாய்' என்பார்கள், ஆறு தொனியில் இரண்டு ஒன்றாகிவிடும்.

சாப்பாட்டில் நான் இரண்டு பிழை செய்தேன். தரையில் பாய், நடுவே வட்டத் தட்டு, அதன் நடுவில் எல்லாரும் தொட்டுக்கொள்ள ஒரே கிண்ணம் மீன்சாறு. பசியில் குச்சியை எடுத்துவிட்டேன். யாரும் அசையவில்லை. அந்த வீட்டின் எட்டு வயதுப் பையன் பாட்டியில் தொடங்கி வரிசையாக ஒவ்வொருவர் முறையும் சொல்லி, சாப்பிட வாருங்கள் என்று அழைத்து முடித்தான். அப்புறம்தான் பாட்டி கை வைத்தார். வடக்கத்திக் குடும்பங்களில் இது இன்னும் இருக்கிறது. உறவுச் சொற்களைப் பழக இதைவிட நல்ல வகுப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது பிழை, குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தது. இறந்தவருக்குப் படைக்கும் ஊதுபத்தி அப்படித்தான் நிற்கும்.

சைவமா? பாயில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள். கீரையிலும் மீன்சாறு இருக்கும். சந்திர மாதம் 1, 15ஆம் நாட்களில் பலர் மரக்கறி சாப்பிடுவதால் விஷயம் அவர்களுக்குப் புதிதல்ல. தினமும் என்றால் மட்டும் சமைப்பவருக்கு வேலை கூடும், வீடு பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் (தொலைதூரப் பகுதி என்றால் 24) வீட்டுக்காரர் உங்கள் தங்கலைக் காவல்துறையில் பதிய வேண்டும். கூச்சப்படாமல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துப் பதிந்தாயிற்றா என்று கேளுங்கள். இ-விசா 90 நாள்தான். அதற்கு மேல் படிப்பதானால் படிப்பு விசாவுக்குப் பள்ளியிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

பிள்ளைகள் உங்களிடம் ஆங்கிலம் பழக ஆசைப்படுவார்கள். இன்ன நேரம் என்று ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் வீடு முழுக்க ஆங்கிலம்தான் ஓடும்.

கடைசியாக, தெத் புத்தாண்டு. முதல் நாள் காலை வாழ்த்துச் சொல்கிறேன் என்று பக்கத்து வீட்டு வாசலை மிதித்துவிடாதீர்கள். அன்று முதலில் நுழைபவரின் ராசிதான் வருடம் முழுவதும் அந்த வீட்டுக்கு என்று நம்புகிறார்கள். வீட்டுத் தலைவரின் பிறந்த வருடத்துக்குப் பொருந்துகிற ஆளை முன்கூட்டியே சொல்லி வைத்து வரவழைப்பவர்களும் உண்டு. உங்கள் வயது அதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும், பொருந்தினால் அவர்களே கூப்பிடுவார்கள்.