பழைய காருக்குத் திருகி மாற்றும் சஸ்பென்ஷன்: வாங்குமுன் நேரும் தவறுகள்

கொழும்பில் பழைய கார் வைத்திருந்து, வருடத்தில் சில நாட்கள் அதைக் கட்டுக்குருந்தை ஓட்டத்தடத்திலோ நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பாதையிலோ ஓட்டிப் பார்க்க விரும்புபவர், பெரும்பாலும் அந்தக் காரை வீதியால் ஓட்டிக்கொண்டுதான் அங்கே போகிறார். மாலையில் அதே காரில்தான் காலி வீதி நெரிசலுக்குள் திரும்பி வருகிறார். ஆகையால், திருகி மாற்றக்கூடிய சஸ்பென்ஷனை (காரின் உடலைச் சில்லுகளின்மேல் தாங்கும் ஸ்பிரிங்கும், துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த அமைப்பை) பூட்டிவிட்டால், ஒரு பக்கம் திருகினால் ஓட்டத்துக்கு, மறுபக்கம் திருகினால் வீட்டுக்கு என்ற எண்ணம் எளிதில் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. மற்றத் தவறுகளெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஷொக் அப்சோபரின் திருகு அதன் தடுப்பு விசையை மட்டுமே மாற்றும். ஸ்பிரிங்கின் விறைப்பும் சில்லு மேலும் கீழும் அசையக் கிடைக்கும் தூரமும் மாறுவதில்லை. அவ்விரண்டையும் பிழையாகத் தெரிவுசெய்துவிட்டால் எத்தனை படி திருகியும் பயனில்லை.

ஸ்பிரிங்கின் அடியில் இருந்து காரின் உயரத்தை மாற்றும் வளையத்தைப் பற்றியும் இதேபோன்ற மயக்கம் உண்டு. வளையத்தை மேலே சுற்றினால் ஸ்பிரிங் விறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கில் அப்படி நடப்பதில்லை. கார் உயர்கிறது, அவ்வளவுதான். சுருளுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பில் நிற்கும் மினிக்குப் பூட்டப்படும் உயரத் திருகும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது.

ஸ்பிரிங்கைத் தெரிவுசெய்வதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். நண்பரின் காருக்குப் பொருந்திய ஸ்பிரிங் விறைப்பின் அளவை அப்படியே கேட்டு வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஸ்பிரிங் அமுங்கும் தூரத்தைச் சில்லு உயரும் தூரத்தால் வகுத்து, கிடைக்கும் எண்ணின் வர்க்கத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பெருக்கினால்தான் சில்லில் உணரப்படும் விறைப்பு தெரியவரும். டட்சன் 1200இன் முன்பக்கத்தில் உள்ளதுபோன்ற, ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒரே தூணாகச் சேர்ந்த மக்பெர்சன் ஸ்ட்ரட்டில் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்று. மேலொன்றும் கீழொன்றுமாகச் சில்லைப் பிடிக்கும் இரட்டைக் கை அமைப்பில் அது 0.7 ஆக இருந்தால், வர்க்கம் 0.49, அதாவது ஒரே ஸ்பிரிங் இங்கே பாதி விறைப்பையே தருகிறது.

எவ்வளவு விறைப்பு போதும் என்பதைக் காரின் எடையிலிருந்து கணக்கிடலாம். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 220 கிலோகிராம் என்று கொள்வோம். உடல் வினாடிக்கு 1.5 முறை அசையும்படி வைக்க, சில்லில் மில்லிமீற்றருக்குச் சுமார் 19.5 நியூட்டன் விறைப்புப் போதும். 2 முறை என்றால் ஏறத்தாழ 35 தேவைப்படும். முதலாவதில் கார் தன் எடையாலேயே 110 மில்லிமீற்றர் அமர்கிறது, இரண்டாவதில் 62 மட்டுமே. வீதியிலும் தடத்திலும் ஓடும் காருக்கு, என் கருத்தில், வினாடிக்கு 1.5இலிருந்து 1.8 முறை வரை நிற்பதே நல்லது. விறைப்பு 19.5இலிருந்து 35க்கு ஏறி 1.8 மடங்காகும்போது அதை அடக்கும் தடுப்பு விசையும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடவேண்டும் என்பதால், ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் பழைய ஷொக் அப்சோபரையே வைத்திருப்பவர் காரைத் துள்ளவிடுகிறார்.

அழகுக்காகக் காரை மிகத் தாழ்த்துவது மற்றொரு தவறு. தாழ்த்தினால் சில்லு மேலெழும் தூரம் சுருங்கி, அந்தத் தூரத்தின் எல்லையில் உள்ள தடுப்பு ரப்பரில் மோதும் கணத்தில் விறைப்பு திடீரெனக் கூடி, வளைவின் நடுவே டயர் பிடியை இழக்கிறது. ஸ்ட்ரட் உள்ள காரில், சில்லைக் கீழிருந்து பிடிக்கும் கீழ்க்கை சில்லுப்பக்கமாக மேல்நோக்கிச் சரிந்துவிட்டால், உடல் சாயும் அச்சு காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. அதனால் தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முற்படும். ஸ்டியரிங் தண்டின் சரிவும் மாறுவதால், மேடுபள்ளத்தில் சில்லுகள் தாமாகவே திசை திரும்பும். நகரின் வேகத்தடைகளைத் தாண்ட வேண்டிய காருக்கு 25 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்த்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எனக்கு மிகுந்த கவலை தரும் தவறு, சுமை எந்த உலோகத்தில் இறங்குகிறது என்று பாராமல் விடுவதுதான். 1968இல் வந்த ஃபோர்ட் எஸ்கோர்ட்டின் பின்பக்கத்தில் எடையைத் தாங்குவது தகட்டு ஸ்பிரிங். ஷொக் அப்சோபர் பூட்டிய இடம் அசைவை அடக்க மட்டுமே அமைந்தது. அங்கே சுருள் ஸ்பிரிங் சேர்ந்த ஷொக் அப்சோபரைப் பூட்டினால் காரின் பின்பக்க எடை அந்த இடத்தின் மெல்லிய உடல் தகட்டில் ஏறும்; முறையாக வலுவூட்டாவிட்டால் அது கிழியும். 1962இல் வந்த எம்ஜிபியின் முன்பக்க நெம்புகோல் ஷொக் அப்சோபரோ சஸ்பென்ஷனின் மேற்கையாகவும் வேலை செய்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாய் வடிவ ஷொக் அப்சோபர் மட்டும் பூட்ட முடியாது. ஐம்பது வருடக் கடற்காற்றைக் கண்ட உடலில் துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் தட்டிப் பார்த்து, தேவையான வெல்டிங்கை முடித்த பிறகே பாகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

திருகு எதை மாற்றுகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். ஸ்பாக்ஸ் (Spax), காஸ் (GAZ) ஆகிய நிறுவனங்களின் ஷொக் அப்சோபர்களில் உள்ள ஒற்றைத் திருகு அமுங்குதலையும் மீளுதலையும் ஒன்றாகவே இறுக்கும். தடத்துக்கென்று இறுக்கியதைத் தளர்த்த மறந்து வீடு திரும்பினால் ஒவ்வொரு குழியும் முதுகில் இடிக்கும். கோனி (Koni) நிறுவனத்தின் பழைய வகையிலோ மீளுதல் மட்டுமே மாறும். அவற்றுள் பலவற்றைக் காரிலிருந்து கழற்றி, முழுதாக அமுக்கித்தான் திருப்ப முடியும். ஓட்ட நாளின் காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து இவற்றை வாங்கியவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இறுதியாக, அலுமினிய வளையமும் இரும்புப் புரியும் சேர்ந்த பாகம் உப்புக்காற்றில் சீக்கிரம் இறுகிவிடும். பூட்டுமுன் புரிக்குக் கிரீஸ் பூசி, மழைக்காலம் முடிந்ததும் வளையத்தை ஒரு சுற்று தளர்த்தி மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். நான்கு மூலைகளிலும் உள்ள புரி அளவைக் குறித்து, ஒரு கொப்பியில் எழுதி, காரிலேயே வைத்திருங்கள்.