கண் தசைகளின் இயக்கத்தைப் பரிசோதிக்கும் முறை

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. கண்ணை வெளிப்புறம் திருப்பும் வெளி நேர்தசையை 6ஆம் மண்டை நரம்பும் (மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகளில் ஒன்று), மேல் சாய்தசையை 4ஆம் நரம்பும், எஞ்சிய நான்கையும் 3ஆம் நரம்பும் இயக்குவதால், எந்தத் திசையில் கண் தயங்குகிறது என்பதைக் கொண்டே பழுதுற்ற நரம்பைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

நோயாளி கண்ணால் பின்தொடர வேண்டிய விரலை அசைக்கும் முன்பே அவர் முகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அது இரட்டைப் பார்வையைத் தவிர்க்க அவர் தம்மையறியாமல் பழகிக்கொண்ட நிலையாக இருக்கலாம். 4ஆம் நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். இமை தாழ்ந்துள்ளதா, டார்ச் ஒளியின் பிரதிபலிப்பு இரு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

பின்னர், முகத்திலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவில் விரலைப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்களால் மட்டும் பின்தொடரச் சொல்லவும். விரலை முதலில் ஒரு பக்கத்திற்கும், அங்கிருந்து மேலும் கீழும், பிறகு அதேபோல் மறுபக்கத்திற்கும் கொண்டுசெல்லவும். நேராகக் கீழே பார்க்கச் செய்வது மேல் சாய்தசையைச் சோதிக்கப் போதாது. கண் மூக்கை நோக்கித் திரும்பிய நிலையில்தான் அதன் கீழிழுக்கும் ஆற்றல் தெளிவாக வெளிப்படும். மாணவர்கள் பலர் விரலை மிக வேகமாக நகர்த்திவிடுகிறார்கள். ஒவ்வொரு கோடியிலும் சில நொடிகள் நிறுத்தினால்தான் விழி நடுக்கமும் மெல்லிய தயக்கமும் புலப்படும்.

ஒவ்வொரு திசையிலும் "இரண்டாகத் தெரிகிறதா?" என்று கேட்பது மிக முக்கியம், ஏனெனில் நம் கண்ணுக்குத் தெரியாத சிறு பலவீனத்தையும் நோயாளி உணர்ந்துவிடுவார். ஒரு கண்ணை மூடிய பிறகும் இரட்டைப் பார்வை நீடித்தால், காரணம் பெரும்பாலும் தசையன்று; லென்ஸிலோ கருவிழியிலோ அதைத் தேட வேண்டும். இரு கண்களும் திறந்திருக்கும்போது மட்டும் தோன்றினால், பிம்பங்கள் மிகுதியாக விலகும் திசையில் விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடவும். எந்தக் கண்ணை மூடும்போது வெளிப்புறப் பிம்பம் மறைகிறதோ, அதுவே பாதிக்கப்பட்ட கண்.

மாலையில் இமை தாழ்வதாகக் கூறுபவரை ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லவும். இமை படிப்படியாகச் சரிந்தால் தசைகள் பயன்படுத்தப் பயன்படுத்த விரைவில் சோர்வடையும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயை நினைவில் கொள்ள வேண்டும். திடீரென இமை தாழ்ந்து, கண் கீழும் வெளியுமாக விலகி, கண்பாவையும் விரிந்திருந்தால், மூளைத் தமனிப் புடைப்பு 3ஆம் நரம்பை அழுத்துகிறதா என்பதை அறிய, நோயாளியை அப்போதே அவசர ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.