டைம்ஷேர் பாயிண்ட்டை வெளிநாட்டு ரிசார்ட்டுக்கு மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு அட்டவணை வெளியாகும் நாட்களில்தான் டைம்ஷேர் உறுப்பினர்களுக்கு வெளிநாட்டு ஆசை முளைக்கிறது. ஒரு தொகையைக் கட்டிச் சேர்ந்து, பல ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையைப் பெறுவதே டைம்ஷேர்; அந்த உரிமையை வாரமாகவோ பாயிண்ட்டாகவோ கணக்கிடுவார்கள். ஊட்டியும் கொடைக்கானலும் மூணாறும் பார்த்துச் சலித்துவிட்டது, இம்முறை பாயிண்ட்டைக் கொடுத்துவிட்டுத் தாய்லாந்தின் புக்கெட்டுக்கோ ஸ்பெயினுக்கோ போய் வரலாமா, அது கட்டுப்படியாகுமா என்று உறவினர்களும் குடியிருப்புக்காரர்களும் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது, சிலருக்கு மிக நன்றாகவே கட்டுப்படியாகும் என்பதே என் பதில். நீண்ட காலமாக இத்தகைய உறுப்பினராக இருக்கும் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே புதியவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட் காலாவதி, பெயரில் எழுத்துப்பிழை போன்ற, எவரும் சொல்லித் தெரிய வேண்டாத விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

முதலில் இது இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு உறுப்பினர் அட்டை விற்ற நிறுவனம் வேறு, வெளிநாட்டில் அறை பெற்றுத்தரும் நிறுவனம் வேறு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிய ஆர்சிஐ, 1976ஆம் ஆண்டு மயாமியில் தொடங்கிய இன்டர்வல் இன்டர்நேஷனல் ஆகிய இரண்டும்தான் இந்தப் பரிமாற்றத் தொழிலின் பெரிய பெயர்கள். உலகெங்கும் உள்ள உறுப்பினர்கள் தங்கள் வாரங்களை இவற்றிடம் ஒப்படைக்கிறார்கள். ஒருவர் ஒப்படைத்த வாரத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் ஒப்படைப்பது எந்த இடம், எந்தப் பருவம், எத்தனை பேருக்கான அறை, எவ்வளவு முன்கூட்டியே ஒப்படைத்தீர்கள் என்பவற்றைக் கொண்டு அதற்கு ஒரு மதிப்பு வைக்கப்படுகிறது. ஆடி மாத மழையில் நனையும் மூணாறு வாரத்தைக் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் மாத ஐரோப்பாவைக் கேட்டால் எளிதில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

தங்குவது இலவசம் என்று எண்ணுவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பதி செப்டம்பர் மாதத்தில் புக்கெட் சென்று ஒரு வாரம் தங்கித் திரும்பினார்கள். பரிமாற்றக் கட்டணம் மட்டும்தான் செலவாயிற்று, மற்றபடி தங்கல் முழுவதும் இலவசம் என்று மாடிப்படியில் நின்றபடியே கணவர் சொன்னார். அவரிடம் இருந்தது நல்ல சீசனுக்கான உரிமை; மே மாதத்தில் ஊட்டியில் ஒரு வாரம் தங்கியிருக்கக்கூடிய உரிமையை அவர் இதற்காக விட்டுக்கொடுத்திருந்தார். புக்கெட்டில் செப்டம்பர் என்பது மழைக்காலம். கடலில் சிவப்புக் கொடி நட்டு, குளிக்க விடாத நாட்கள் பல வரும் மாதம் அது. அதே ரிசார்ட்டில் அதே வாரத்துக்குப் பணம் கொடுத்து அறை எடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ஒருமுறைகூடத் தேடிப் பார்க்கவில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன்; உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினராகச் சேர 4 லட்சம் ரூபாய், காலம் 25 ஆண்டு, ஆண்டுச் சந்தா 22,000 ரூபாய், பரிமாற்றக் கட்டணம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். சேர்க்கைத் தொகையை 25 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 16,000 ரூபாய் வருகிறது. மூன்றையும் கூட்டினால் 53,000 ரூபாய், அதாவது ஓர் இரவுக்கு ஏறத்தாழ 7,570 ரூபாய். அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டி தரும் வைப்பில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதையும் சேர்த்தால், 16,000 என்பது 34,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஓர் இரவின் விலை பத்தாயிரத்தைத் தொடுகிறது. ஆண்டுச் சந்தாவோ ஆண்டுதோறும் ஏறக்கூடியது. அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. இலவசம் என்று சொல்லப்பட்ட அறையின் விலை இது.

இந்தக் கணக்கைக் காட்டினால், சேர்க்கைப் பணம் என்றோ போய்விட்டது, சந்தாவையும் எப்படியும் கட்டித்தான் தீர வேண்டும், அவற்றை ஏன் இந்தப் பயணத்தின் தலையில் ஏற்றுகிறீர்கள் என்று விவரமான உறுப்பினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இனிமேல் சேரப்போகிறவர் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் வேறொரு கணக்கைப் போட வேண்டும். பரிமாற்றக் கட்டணத்தோடு, நீங்கள் விட்டுக்கொடுக்கும் உள்ளூர் வாரத்துக்கு வெளியாள் ஒருவர் என்ன விலை கொடுப்பார் என்பதைக் கூட்டுங்கள். மே மாத ஊட்டியில் உங்கள் தர அறை ஓர் இரவுக்கு 9,000 ரூபாய்க்குப் போகிறது என்றால் ஏழு இரவுக்கு 63,000 ரூபாய். பரிமாற்றக் கட்டணத்தோடு 78,000 ரூபாய். நம் நண்பர் மழைக்காலப் புக்கெட்டுக்குக் கொடுத்த உண்மையான விலை இந்த அளவில்தான் இருக்கும். யாரும் விரும்பாத பருவத்து வாரம், ஓர் இரவுக்கு 3,500 ரூபாய்கூடப் பெறாதது, உங்கள் கையில் கிடந்து வீணாகப் போகிறது என்றால் மொத்த விலை 40,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒரே ரிசார்ட், ஒரே அறை, ஒரே கட்டணம். ஆனாலும் ஒருவருக்கு நட்டம், மற்றவருக்கு லாபம்.

விற்பனையாளர்கள் இந்த இடத்தில் ஒரு வேலை செய்வார்கள். அந்த ரிசார்ட்டின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் உச்ச வாடகையை எடுத்துக் காட்டி, இவ்வளவு பெறும் அறையை இவ்வளவு குறைவாகப் பெறுகிறீர்கள் என்பார்கள். அந்த உச்ச வாடகையை உண்மையில் யாரும் கொடுப்பதில்லை. ஓட்டல் பதிவுத் தளங்களில் நீங்கள் போகும் அதே தேதிகளுக்கு, வரிகள் உட்பட, என்ன விலை காட்டுகிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: பரிமாற்ற நிறுவனங்களே, மீந்துபோன வாரங்களை, உங்கள் வாரத்தைக் கேட்காமல், ரொக்கத்துக்கு உறுப்பினர்களுக்கு விற்கின்றன. ஆர்சிஐ இதை எக்ஸ்ட்ரா வெகேஷன்ஸ் என்றும் இன்டர்வல் இதை கெட்அவேஸ் என்றும் அழைக்கின்றன. தேவை குறைந்த இடங்களிலும் பருவங்களிலும் அந்த ரொக்க விலை, பரிமாற்றக் கட்டணத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். சில வாரங்களில் அந்த அளவுக்குக்கூட இராது. அப்படி ஒரு வாரம் கண்முன்னே கிடக்கும்போது, அதையே எடுக்க மே மாத ஊட்டியைக் கொடுத்துவிட்டு வருகிறவரை என்னவென்று சொல்வது? நம் நண்பரிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பக்கத்தைத் தான் திறந்ததே இல்லை என்றார்.

கிடைக்குமா என்று பார்ப்பதற்கு முன்பே ஒப்படைப்பது

ஒப்படைத்த வாரம் பொதுவாகத் திரும்பி வராது. மனம் மாறிவிட்டது, கொடைக்கானலுக்கே போகிறோம் என்று பிறகு சொல்ல முடியாது. ஆர்சிஐயின் வார முறையில் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ முன்கூட்டியே ஒப்படைத்தால் முழு மதிப்பும், தாமதிக்கத் தாமதிக்கக் குறைந்த மதிப்பும் கிடைக்கும் என்பதால், விவரம் அறிந்தவர்கள்கூட அவசரப்பட்டுவிடுகிறார்கள். எந்த வாரங்கள் வருகின்றன என்பதைச் சில மாதம் வேடிக்கை பார்த்துவிட்டு, உங்கள் தேதிக்கு ஏதேனும் அகப்படும் என்ற நம்பிக்கை வந்த பிறகு ஒப்படையுங்கள். உங்களுக்கு அட்டை விற்ற கிளப்பே மொத்தமாக வாரங்களை ஒப்படைத்து வைத்திருக்கும் முறையாக இருந்தால், உங்கள் சீசனுக்கும் அறைக்கும் எந்த அளவு மதிப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொல்வது எதற்கும் உதவாது.

பாரிஸ் நடுவில் அறை கிடைக்கும் என்று நம்புவது

டைம்ஷேர் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கடற்கரையிலும் மலையிலும் கேளிக்கைப் பூங்காக்களின் அருகிலும் கட்டப்பட்டவை. ஐரோப்பாவில் அவை ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கரையிலும் டெனரீஃப் உள்ளிட்ட கேனரித் தீவுகளிலும் போர்ச்சுகலின் அல்கார்வ் கரையிலும் குவிந்து கிடக்கின்றன. லண்டன், பாரிஸ், ரோம் நகரங்களுக்குள் விரல்விட்டு எண்ணலாம். அமெரிக்காவில் ஓர்லாண்டோவைச் சுற்றி ஏராளமாக இருப்பதால் அங்கே அறை எளிதாகக் கிடைக்கும், ஆனால் வாடகைக் கார் இல்லாமல் பால் பாக்கெட் வாங்கக்கூடப் போக முடியாது. பட்டியலில் ஆயிரக்கணக்கான ரிசார்ட்டுகள் இருக்கின்றன என்பதைக் கேட்டு மகிழ்வதைவிட, நீங்கள் பார்க்க விரும்பும் ஊரிலிருந்து அவற்றில் எத்தனை நடைதூரத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் பார்ப்பது நல்லது.

தலை எண்ணிக்கையில் அசட்டை

அறை உறுதியானதும் வரும் உறுதிக் கடிதத்தில் 4/2 என்றோ 6/4 என்றோ இருக்கும். முதல் எண் உச்ச அளவு. இரண்டாவது, தனிமையோடு படுக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை. கூடத்தில் உள்ள சோபாவை விரித்துப் படுப்பவர்களையும் சேர்த்ததே அந்த உச்ச அளவு. நம் ஊர் ரிசார்ட்டில் கூடுதல் மெத்தை ஒன்று போடச் சொன்னால் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் கைக்குழந்தையும் பெரும்பாலும் ஒரு தலைதான். தீப்பாதுகாப்பு விதியைக் காட்டி, நள்ளிரவில் வந்து இறங்கிய ஆறு பேர் குடும்பத்தில் இருவரைப் பக்கத்து ஓட்டலுக்கு அனுப்பியதை வரவேற்பறையில் நின்று பார்த்திருக்கிறேன். பாட்டியின் கையில் மருந்துப் பை, அப்பாவின் கையில் கடன் அட்டை. அன்றைய வாடகைக்கு அந்த ஓட்டலில் பேரம் பேசவும் இடமில்லை.

அறையோடு சேர்ந்த சமையலறையும் நம் சமையலறை அன்று. மின் அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு காபி இயந்திரம் இருக்கும், குக்கர் இராது. கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்த புகைக்கே கூரையில் இருக்கும் அலாரம் அலறத் தொடங்கும். சன்னலைத் திறந்துவிட்டு, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டுத் தாளியுங்கள்.

இறங்கிய பிறகு வரும் கட்டணங்கள்

மெக்சிகோவிலும் கரீபியன் தீவுகளிலும் பல ரிசார்ட்டுகளில், பரிமாற்றத்தில் வருபவரும் உணவு, பானம் அடங்கிய நாள் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கட்டாயமாகக் கட்ட வேண்டும். மது அருந்தாத சைவக் குடும்பத்துக்கு இதைவிட மோசமான பேரம் இல்லை. ஐரோப்பாவில் சில இடங்களில் மின்சாரம், சுத்தம் செய்தல், சுற்றுலா வரி ஆகியவை தனி. இவை அந்நாட்டு நாணயத்தில் வசூலிக்கப்படும். நம் வங்கிகள் பலவும் அதன்மேல் 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். உறுதிக் கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை முழுவதும் படியுங்கள்.

விசா வருமுன் பணம் திரும்பாத விமான டிக்கெட் எடுப்பது

பரிமாற்ற வாரங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில்தான் தொடங்கும். விமானக் கட்டணம் ஏறும் நாட்களும் அவையே. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். நால்வர் குடும்பத்துக்கு இந்தச் செலவு மட்டுமே பரிமாற்றக் கட்டணத்தை விழுங்கிவிடும். விசா மறுக்கப்பட்டால் ஒப்படைத்த வாரத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ரத்து விதிகளில் முன்னரே பார்த்துவையுங்கள்.

பிறர் கணக்கைத் தன் கணக்காக எடுத்துக்கொள்வது

லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்றேன். நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் மகனிடம் ஆறு மாதம் தங்கப் போகும் ஓய்வுபெற்ற தம்பதி ஒருவரை எனக்குத் தெரியும். விசா முன்பே இருக்கிறது, விமானச் செலவு எப்படியும் உண்டு, தேதியைப் பற்றிக் கவலையில்லை. கொடைக்கானலின் மழைக்கால வாரத்தை ஒப்படைத்துவிட்டு, கடைசி நேரத்தில் மீந்து கிடக்கும் வாரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஓர்லாண்டோவில் இரண்டு படுக்கையறையும் துணி துவைக்கும் இயந்திரமும் கொண்ட வீட்டைப் பிடித்தார்கள். மகன் குடும்பமும் சேர்ந்து ஆறு பேர் தங்கினார்கள், காரை மருமகள் ஓட்டினார். அதே அளவு இடத்தை ஓட்டலில் எடுக்க மூன்று அறை வேண்டியிருக்கும். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, மே மாதப் பள்ளி விடுமுறையில் இரண்டு குழந்தைகளோடு சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பமும் அதே லாபத்தை எதிர்பார்ப்பதுதான் சிக்கல்.

அடுத்த ஆண்டுப் பாயிண்ட்டை இந்த ஆண்டே செலவழிப்பது

வேண்டாம். அடுத்த ஆண்டும் சந்தா வரும், போவதற்கு வாரம் இராது.

அங்கே நடக்கும் விற்பனைக் கூட்டத்துக்குப் போவது

காலைச் சிற்றுண்டிக்கும் பரிசுக் கூப்பனுக்கும் அழைத்தால் போகாதீர்கள். போய்ப் புதிய டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்றால், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் காரணம் சொல்லாமல் விலக 14 நாள் உண்டு, அந்த 14 நாளுக்குள் முன்பணம் வாங்குவதே சட்டவிரோதம். அறைக்குத் திரும்பியதும் எழுத்தில் விலகல் கடிதம் அனுப்புங்கள்.