முள்ளு மாத்தணுமா, முழுசா மாத்தணுமா? டர்ன்டேபிள் அப்கிரேடுல எல்லாரும் பண்ற தவறுகள்

"ரெகா பிளானர் 3 டர்ன்டேபிள் வச்சிருக்கேன், அடுத்து என்ன வாங்கலாம்?" இப்படி மாசத்துக்கு ரெண்டு பேராவது மெசேஜ் பண்றாங்க. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இப்ப இருக்கறதுல என்ன குறைங்க? பாதிப் பேருகிட்ட அதுக்குப் பதில் இருக்காது. டீலர் கடைக்குப் போயும் இதையேதான் பண்றோம், டாக்டர்கிட்ட போய் எங்க வலிக்குதுன்னு சொல்லாம மாத்திரை பேரைச் சொல்லிக் கேக்கற மாதிரி, "அந்த எம்சி கார்ட்ரிட்ஜ் இருக்கா, என்ன விலை"ன்னு ஆரம்பிச்சிடறோம் (கார்ட்ரிட்ஜ்ங்கறது முள்ளு பொருத்தியிருக்கற தலைப்பகுதி, முள்ளோட அசைவை மின் சிக்னலாக்கறது அதுதான்; எம்எம், எம்சின்னு அதுல ரெண்டு வகை). நல்ல டீலரா இருந்தாக்கூட அப்புறம் அவரால என்ன பண்ண முடியும், பெட்டியை எடுத்து பில் போட வேண்டியதுதான்.

நானும் அப்படித்தான் போனேன், மறைக்க என்ன இருக்கு. எண்பதுகள்ல வந்த இளையராஜா எல்பி நிறைய வச்சிருக்கேன், ஒவ்வொரு சைடுலயும் கடைசிப் பாட்டு வந்தா போதும், ஜானகியம்மா ச, ஸ சொல்ற இடமெல்லாம் ஷ்ஷ்ஷ்னு கிழியும். சரி கார்ட்ரிட்ஜ் பத்தலன்னு நானே முடிவு பண்ணி ஒன்றரை லட்ச ரூபா மாடலுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே கிளம்பிட்டேன். பத்து வருஷமா பழக்கமான டீலர், பணத்தை வாங்காம "கடைசிப் பாட்டுல மட்டுமா, முதல் பாட்டுலயுமா?"ன்னு கேட்டார். கடைசியிலதான் ஜாஸ்தின்னு சொன்னதும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துட்டார்.

அவர் ஏன் அதைக் கேட்டார்னா, எல்பி நிமிஷத்துக்கு 33⅓ சுத்துதான் எப்பவும், ஆனா வெளி விளிம்புல முள்ளுக்கு அடியில நொடிக்கு கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுது, லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டு பாதிக்கும் கம்மியான இடத்துல நெருக்கி எழுதியிருக்கு. வெளியில தெரியாத சின்னத் தப்புகூட அங்க வந்தா பல்லிளிச்சிடும். அவர் ஒரு டிஜிட்டல் தராசு வச்சுப் பார்த்தார், என்னோட ஆர்டோஃபோன் 2எம் ப்ளூவுக்கு 1.8 கிராம் அழுத்தம் வேணும், நான் வச்சிருந்தது 1.3. முள்ளைத் தாங்கற கை, அதான் ஆர்ம், அதோட பின்பக்க கவுன்டர்வெயிட்டுல இருக்கற எண்ணை நம்பி வச்சது. ரெக்கார்ட் தேஞ்சிடும்னு கம்மியா வைக்கறது நல்லதுன்னு வேற எனக்கு ஒரு நெனப்பு. உண்மை நேர் எதிர், அழுத்தம் பத்தலன்னா முள்ளு பள்ளத்துல ஒழுங்கா உக்காராம சுவத்துல மோதி மோதித்தான் தட்டை சேதப்படுத்தும். கார்ட்ரிட்ஜ் நிக்கற கோணமும் கொஞ்சம் விலகியிருந்தது, அலைன்மென்ட் அட்டை வச்சு சரி பண்ணார். நாப்பது நிமிஷ வேலை. ஒன்றரை லட்சம் பாக்கெட்டுலயே இருந்தது.

அதனால முதல் தவறே இதுதான்னு சொல்லுவேன், இருக்கற செட்டை சரியா செட்டப் பண்ணாம அடுத்ததுக்குத் தாவறது. கூடவே தட்டைக் கழுவாம தாவறது. மூர் மார்க்கெட் பக்கம் வாங்கின பழைய தட்டுல முப்பது வருஷத்துத் தூசி ஒட்டியிருக்கும், அதுமேல எவ்வளவு விலையுள்ள முள்ளை இறக்கினாலும் தூசியைத்தான் இன்னும் தெளிவா கேப்பீங்க. வாக்யூம் கிளீனிங் மெஷினுக்கு முதல்ல செலவு பண்ணுங்க, கேன் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, டிஸ்டில்ட் வாட்டர்தான்.

அடுத்தது பேரைப் பார்த்து வாங்கறது. டெனான் டிஎல்-103, ஜப்பான்ல என்ஹெச்கேங்கற ஒலிபரப்பு நிறுவனத்துக்காக அறுபதுகள்ல உருவான கார்ட்ரிட்ஜ், இன்னைக்கும் விக்கறாங்க, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அதுல முள்ளைத் தாங்கற சஸ்பென்ஷன் விறைப்பு ஜாஸ்தி, 2.5 கிராம் அழுத்தம் கேக்கும், கனமான ஆர்ம்லதான் நல்லா வேலை செய்யும். ஃப்ரெண்ட் ஒருத்தன் அதை இறகு மாதிரி லேசான ஆர்ம்ல மாட்டிட்டு "என்னடா இது, பேஸே இல்ல"ன்னு என்னைத் திட்டினான். ஆர்மோட எடையும் கார்ட்ரிட்ஜோட நெகிழ்வும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ல ஆடும், அது 8லேர்ந்து 12 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா கேக்கற பேஸ்லயே கை வைக்கும். கீழ போனா தட்டு நெளிவு, நீங்க நடக்கற அதிர்வு எல்லாத்துக்கும் ஸ்பீக்கரோட ஊஃபர் உள்ளயும் வெளியயும் அடிச்சுக்கும். இந்தக் கணக்கை டீலர்கிட்ட போட்டுக் காட்டச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. அதெல்லாம் தேவையில்ல சார்னு சொன்னா டீயை மட்டும் குடிச்சிட்டு வந்துடுங்க.

எம்எம்லேர்ந்து (மூவிங் மேக்னட், என் 2எம் ப்ளூ மாதிரி) எம்சிக்கு (மூவிங் காயில், டிஎல்-103 மாதிரி) போறவங்க ஃபோனோ ஸ்டேஜை, அதாவது கார்ட்ரிட்ஜோட சின்ன சிக்னலைப் பெருக்கற பெட்டியை மறந்துடறாங்க. 2எம் ப்ளூ 5.5 மில்லிவோல்ட் கொடுக்கும், டிஎல்-103 கொடுக்கறது 0.3தான். எம்எம்க்கு 40 டெசிபல் பெருக்கம் போதும், இதுக்கு 60 வேணும், லோடும் (கார்ட்ரிட்ஜுக்கு ஃபோனோ ஸ்டேஜ் காட்டற மின்தடை) 47 கிலோ ஓம் இல்ல, நூறு ஓம் கிட்ட. பழைய ஆம்ப்ல இருக்கற ஃபோனோ ஓட்டையில சொருகினா வால்யூமை முழுக்கத் திருப்பி இரைச்சலைத்தான் கேக்கணும். ஆக அறுபதாயிரம் ரூபா கார்ட்ரிட்ஜ் வாங்கினா ஃபோனோ ஸ்டேஜுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு எடுத்து வைக்கணும், இதை டீலர் முதல்லயே சொல்லணும், சொல்லலன்னா நீங்க கேக்கணும். கேபிளுக்குக் காசு கொட்றதைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன், எம்எம் போட்டிருந்தா கேபிளோட கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கத் திறன்) எவ்வளவுன்னு கேளுங்க, 2எம் சீரிஸ் மொத்தமா 150லேர்ந்து 300 பிகோஃபாரட் எதிர்பார்க்குது. அந்த நம்பர் தெரியாம வெள்ளிக் கம்பி, தங்கப் பூச்சுன்னு பேசறவர்கிட்ட எனக்குப் பேச்சே கிடையாது.

டெமோ கேக்கற விஷயத்துல நாம எல்லாரும் ஏமாறுவோம். கடையில ரூம் ட்ரீட்மென்ட் பண்ணியிருப்பாங்க, ஓட்டறது ஒலிப்பதிவுக்குன்னே பேர் வாங்கின ஏதாவது வெளிநாட்டு ஜாஸ் தட்டு. நம்ம வீட்ல டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ். அதனால உங்க தட்டுல நாலு எடுத்துட்டுப் போங்க, அதுல ஒண்ணு கண்டிப்பா மோசமான பிரஸ்ஸிங்கா (அச்சா) இருக்கட்டும். ஏன்னா வீட்ல கேக்கப் போறது அதைத்தான். அப்புறம் சத்தம். ரெண்டு கார்ட்ரிட்ஜோட அவுட்புட் வேற வேற, வால்யூம் குமிழை அதே இடத்துல வச்சு மாத்திப் போட்டா ஒண்ணு கொஞ்சம் கூடக் கேக்கும், காது உடனே அதுதான் நல்லா இருக்குன்னு தீர்ப்பு சொல்லிடும். போன்ல ஒரு சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு அளவைச் சமமாக்கிட்டுக் கேளுங்க. ஒரே நேரத்துல ரெண்டு ஐட்டம் மாத்தாதீங்க, நல்லா ஆனாலும் கெட்டுப் போனாலும் எதனாலன்னு தெரியாது.

இனிமே கொஞ்சம் கசப்பான விஷயம். டீலர்கிட்ட மூணு மணி நேரம் டெமோ கேட்டுட்டு சிங்கப்பூர்லேர்ந்து வர்ற மச்சான்கிட்ட வாங்கிட்டு வரச் சொல்றது. பணம் மிச்சம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அப்புறம் செட்டப்புக்கு அவரையே கூப்பிட எந்த முகத்தோட போறது? எம்சி கார்ட்ரிட்ஜ்ல முள்ளை மட்டும் கழட்டி மாத்த முடியாது, தேஞ்சுபோனா பல கம்பெனிங்க பழசை வாங்கிக்கிட்டு கம்மி விலையில புதுசு கொடுப்பாங்க, அது டீலர் வழியாத்தான் நடக்கும். முள்ளோட ஆயுசு தோராயமா ஆயிரம் மணி நேரம், தினம் ரெண்டு எல்பி கேட்டா ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும், அப்ப அவர் தேவைப்படுவார்.

வெளிநாட்டுலேர்ந்து டர்ன்டேபிளே கொண்டு வர்றவங்க இன்னும் உஷாரா இருக்கணும். என் அத்தை பையன் அமெரிக்காவுலேர்ந்து ஒரு பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (மோட்டார் பெல்ட் வழியா சுத்தறது) கொண்டு வந்தான், 120 வோல்ட். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாச்சு, மோட்டார் எரியல, ஆனா பாட்டு சோர்ந்து போய் வருது. அந்த மாதிரி ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் கரன்ட்டோட ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் சுத்தும், அங்க 60, இங்க 50. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. 33⅓ சுத்த வேண்டியது 28க்கும் கீழதான் சுத்துது, சுருதி மூணு ஸ்வரஸ்தானம் இறங்கிடுச்சு, சுசீலாம்மா குரல் ஆம்பளைக் குரல் மாதிரி கேட்டது. மோட்டார்ல பெல்ட் ஓடற புல்லியை மாத்தணும், இல்லன்னா தனியா ஸ்பீட் கன்ட்ரோல் பவர் சப்ளை வாங்கணும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மாதிரி குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ்ல இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்ல, வோல்ட்டேஜ் மட்டும் பார்த்தா போதும்.

அதுக்காக டீலர் சொல்றதெல்லாம் வேதவாக்கும் இல்ல. அவர் விக்கறது அவர் கடையில இருக்கற பிராண்டைத்தான். நான் வழக்கமா ஒரு கேள்வி கேப்பேன், "உங்ககிட்ட இல்லாததுல இதுக்கு எது சரியா வரும்?" நேரா பதில் சொல்றவரை விடாதீங்க. விலையை ஒரேயடியா அடிச்சுப் பேசாதீங்க, அதுக்குப் பதிலா வீட்டுக்கு வந்து செட்டப், அம்பது மணி நேரம் ஓடினப்புறம் ஒரு தடவை திரும்ப வந்து அழுத்தம் பார்க்கறது, பழசை எவ்வளவுக்கு எடுத்துப்பாரு, இது மூணையும் பில்லுலயே எழுதி வாங்குங்க. வாய்ப் பேச்சுல நின்னா ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்த ஞாயித்துக்கிழமை செட்டப்புக்கு ஆறு மாசம் கழிச்சு நானும் எம்சிக்குப் போயிட்டேன், ஒழுங்கா கணக்கெல்லாம் போட்டு, வீட்லயே ஒரு வாரம் வச்சுக் கேட்டுட்டு. பதினோராவது நாள் ஆஃபீஸ்லேர்ந்து வந்த வேகத்துல ரெக்கார்ட் மாத்தினேன், ஃபுல் ஸ்லீவ் சட்டை பட்டன், முள்ளைத் தாங்கற மெல்லிய குச்சியான கான்டிலீவர்ல மாட்டி முள்ளு போயே போச்சு. டீலர் சிரிக்கல, எக்ஸ்சேஞ்சுல பாதி விலைக்கு மேல ஆச்சு. இப்ப கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுட்டுத்தான் மூடியைத் திறக்கறேன்.