தினமும் வேதம் வாசிக்கத் தொடங்குவது எப்படி? மாற்கு நற்செய்தியிலிருந்து ஒரு செய்முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், "இந்த வருஷம் வேதத்தை முழுவதும் வாசித்து முடிப்பேன்" என்று தீர்மானம் எடுப்பவர்கள் ஏராளம். அவர்களுள் பலருடைய வேதாகமத்தில் அடையாள நாடா பிப்ரவரிக்குள் ஓரிடத்தில் நின்றுவிடுவதற்கு விசுவாசக் குறைவு காரணமன்று. தேர்ந்தெடுத்த வழியே காரணம் என்பது என் எண்ணம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு மூன்று அதிகாரம் என்று ஆதியாகமத்தில் தொடங்கினால், யோசேப்பின் கதை ஜனவரி 17-க்குள் முடிந்து, 22-ஆம் தேதி செங்கடலைக் கடந்துவிடலாம். 25-ஆம் தேதி யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், திரைகள், முழ அளவுகள் தொடங்கும். மாதக் கடைசி நாளில் லேவியராகமத்தின் பலி முறைமைகள் வந்து நிற்கும். அதுவரை கதையின் வேகத்தில் வந்தவர், பழக்கம் வேர் பிடிக்கும் முன்பே அந்த இடத்தில் தளர்ந்துபோகிறார். ஆகவே முழு வேதாகமத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பின்வருமாறு தொடங்குங்கள்.

படி 1: மாற்கை எடுத்துக்கொள்ளுங்கள்

நான்கு நற்செய்தி நூல்களில் மிகச் சிறியது மாற்கு. 16 அதிகாரங்கள், 678 வசனங்கள். வம்சவரலாறோ நீண்ட முன்னுரையோ இல்லாமல் நேரே யோவான்ஸ்நானகனின் பிரசங்கத்தில் தொடங்கி, சம்பவத்திலிருந்து சம்பவத்துக்கு விரைந்து செல்லும். நாளொன்றுக்குப் பத்து முதல் பதினைந்து வசனங்கள் வாசித்தால் போதும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை வாசித்திருப்பீர்கள். வசனக் கணக்குக்காகச் சம்பவத்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். ஆறு வசனத்தில் அது முடிந்தால் அன்றைய பங்கு ஆறு வசனமே.

படி 2: புரிகிற மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்

பெரும்பாலான புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருப்பது 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல். மனப்பாட வசனங்கள் யாவும் அந்த நடையிலேயே நமக்குள் பதிந்திருப்பதால் அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நீண்ட வாக்கியங்களில் எழுவாய் எது, பயனிலை எது என்று தேட வேண்டியிருந்தால், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை அருகில் வைத்து வாசிப்பது பெரிய உதவி. அதன் கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும். அலைபேசியில் யூவெர்ஷன் செயலியிலும் தமிழ் வேதாகமம் கிடைக்கிறது. எனினும் தொடக்க மாதங்களில் அச்சிட்ட புத்தகமே நல்லது என்பேன். வசனத்தின் நடுவில் வாட்ஸ்அப் செய்தி வந்து விழாது.

படி 3: நேரத்தை முடிவு செய்யுங்கள்

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் வேதவாசிப்பு என்று நம் சபைகளில் ஒரு கருத்து உண்டு. மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனது உண்மைதான். ஆனால் முதலாம் சங்கீதம் இரவும் பகலும் தியானிக்கிறவனைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளைகளுக்கு மதிய உணவு கட்டிக்கொடுத்து அனுப்பும் அவசரத்தில் இருக்கும் தாய்க்கு, அவர்கள் போன பிறகு கிடைக்கும் பத்து நிமிடமே நல்ல நேரம்; இரவுப் பணிக்குச் செல்பவருக்கு வேறொரு நேரம் பொருந்தும். எந்த நேரமானாலும், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலைக்கு அடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காலைக் காபிக்குப் பின் என்றால் நாள்தோறும் காபிக்குப் பின்னரே. வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தாலும் இந்தத் தனி வாசிப்பு வேண்டும், ஏனெனில் அங்கே நின்று யோசிக்க இடம் குறைவு.

படி 4: ஒரு பகுதியை வாசிக்கும் முறை

சுருக்கமாக ஜெபித்துவிட்டு, பகுதியை முதலில் மௌனமாகவும் பின்பு வாய்விட்டும் வாசியுங்கள். அதன்பின் குறிப்பேட்டில் என்ன நடந்தது என்று ஒரு வரியும், எது வியப்பாக இருந்தது என்று ஒரு வரியும், புரியாத கேள்வி ஒன்றும் எழுதுங்கள்.

மாற்கு 1:40-45-ஐ இப்படி வாசித்துப் பார்ப்போம். தொழுநோயாளி ஒருவர் முழங்கால்படியிட்டு, உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும் என்கிறார். லேவியராகமம் 13-இன்படி அத்தகையவர் "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டுக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டியவர். இயேசுவோ, அவர் சுத்தமாகும்வரை காத்திராமல் முதலில் கையை நீட்டித் தொடுகிறார். சுத்தமாகு என்ற சொல் அதன் பிறகே வருகிறது. யாருக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். அந்த மனிதர் போய் எங்கும் பரப்பிவிடுகிறார். இதனால் 45-ஆம் வசனத்தில் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்க நேரிடுகிறது. புறம்பே இருந்தவர் ஊருக்குள் வந்துவிட்டார். அவரைத் தொட்டவர் வெளியே நிற்கிறார். வேகமாக மூன்று அதிகாரம் வாசித்துக்கொண்டு போனால் இந்த இடமாற்றம் கண்ணில் படாது. குறிப்பேட்டில் எழுத வேண்டிய கேள்வியும் இங்கேயே இருக்கிறது: ஏன் சொல்ல வேண்டாம் என்றார்? மாற்கில் இந்தக் கட்டளை மீண்டும் மீண்டும் வரும். பதிலை அவசரமாகத் தேடாமல், நூல் முடியும்வரை அந்தக் கேள்வியோடு வாசியுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனத்தை எடுப்பது வேதவாசிப்புக்கு ஈடாகாது. அட்டைகளில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தைய வசனம், எழுபது வருஷம் நிறைவேறின பின்பே அவர்களைத் திரும்ப வரப்பண்ணுவதாகச் சொல்கிறது. அந்தப் பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிப்பவருக்கே பதினொன்றாம் வசனத்தின் ஆறுதல் எவ்வளவு ஆழமானது என்று விளங்கும்.

படி 5: விட்டுப்போன நாட்களை ஈடுகட்ட வேண்டாம்

காய்ச்சல், பயணம், திருமண வீடு என்று நாட்கள் தவறத்தான் செய்யும். தவறிய பங்கையெல்லாம் ஒரே இரவில் வாசித்து முடிக்க முயன்றால் அது கடன் தீர்ப்பதுபோல் ஆகிவிடும். எங்கே நிறுத்தினீர்களோ அங்கிருந்து தொடருங்கள். இதற்காகவே, தேதியிட்ட வாசிப்பு அட்டவணையைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. சேர்ந்துபோன கேள்விகளை வாரம் ஒருமுறை சபையில் ஒரு நண்பரிடமோ, போதகரிடமோ, பங்குத்தந்தையிடமோ கேளுங்கள்.

படி 6: மாற்குக்குப் பிறகு

ஆதியாகமத்தையும், பத்துக் கட்டளைகள் வரும் யாத்திராகமம் 20 வரையிலும் அடுத்து வாசிக்கலாம். பின்பு லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்டவை என்பதால் தொடர்ச்சியாக வாசிப்பது சிறப்பு. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தால் சரியாக 52 வாரங்களில் முடியும். மீதமுள்ள இரண்டு நாட்களைச் சங்கீதங்களுக்கு ஒதுக்குங்கள். லேவியராகமத்தைத் தனியாக வாசிக்காமல் எபிரெயருக்கு எழுதின நிருபத்தோடு சேர்த்து வாசியுங்கள். முன்னதில் 27 அதிகாரங்களும் பின்னதில் 13 அதிகாரங்களும் இருப்பதால், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ ஒன்றாகவே முடியும்.