நார்வேக்காரர்களோடு மேட்ச் பேசுவது எப்படி?

ஸ்டவாங்கருக்குப் புதிதாக வேலைக்கு வரும் நம் ஆட்கள் முதலில் வாடகை பற்றிக் கேட்பார்கள், அப்புறம் வரி, அப்புறம் பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று. கொஞ்ச நாள் போனதும் இன்னொரு கேள்வி வரும்: "ஆபீஸ் குரூப்பில் எல்லாரும் ஏதோ எழுதித் தள்ளுகிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எப்படி உள்ளே நுழைவது?"

அந்தக் குரூப்பில் ஓடுவதில் பெரும்பகுதி விளையாட்டுதான். கால்பந்து, பனிச்சறுக்கு, ஹேண்ட்பால், செஸ், கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். காலையில் காபி மெஷின் பக்கத்தில் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிற மனிதர் மேட்ச் நேரத்தில் வரிசையாக மெசேஜ் போடுவார். அவரோடு பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர் கிளப்

நீங்கள் லிவர்பூல் ரசிகராக இருக்கலாம். நல்லதுதான். இங்கே நிறையப் பேருக்கு ஓர் இங்கிலாந்து டீம் உண்டு. 1969 நவம்பரிலேயே என்.ஆர்.கே. தொலைக்காட்சி சனிக்கிழமைகளில் இங்கிலாந்து மேட்சுகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. அப்பா பார்த்த டீமையே மகளும் பார்க்கிறாள். ஆனால் நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பதை லிவர்பூல் சொல்லாது, உள்ளூர் கிளப்தான் சொல்லும். ஸ்டவாங்கர் என்றால் வைக்கிங், பெர்கன் என்றால் பிரான், டிரான்ஹெய்ம் என்றால் ரோசன்போர்க். நீங்கள் குடியிருக்கும் ஊரின் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயிக்கிற கிளப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது உடனே தெரிந்துவிடும்.

ஜெர்சி வாங்குவதைவிட உறுப்பினராகச் சேருவது முக்கியம். இங்கே கிளப் என்பது உறுப்பினர்கள் நடத்தும் சங்கம். ஆண்டுச் சந்தா கட்டினால் பொதுக்குழுவில் உங்களுக்கும் ஓர் ஓட்டு. இது தெரிந்தால்தான் வீடியோ ரெஃப்ரி விவகாரத்தில் ஏன் இத்தனை சூடு என்று புரியும். வி.ஏ.ஆர். என்ற இந்த வீடியோ ரெஃப்ரி முறை 2023இல் இங்கே வந்தது. 2024 ஜூலையில் டிரான்ஹெய்மில் நடந்த ரோசன்போர்க், லில்லஸ்ட்ரோம் மேட்சில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கேக்குகளையும் மைதானத்தில் வீசினார்கள். மேட்ச் பாதியிலேயே கைவிடப்பட்டது. பல கிளப்களில் உறுப்பினர்கள் கூடி, வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2025 மார்ச்சில் கால்பந்துச் சம்மேளனத்தின் மாநாடு அதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. குரூப்பில் இந்தப் பேச்சு வந்தால், "டெக்னாலஜி இருந்தால் நல்லதுதானே" என்று எழுதிவிடாதீர்கள். எங்களைக் கேட்காமல் கொண்டுவந்தார்கள் என்பதுதான் அவர்கள் கோபம். அது நியாயமான கோபம் என்றே நானும் நினைக்கிறேன்.

கிளப்பை எடுத்தாயிற்று என்றால் அதன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். வைக்கிங் 2025இல் லீக் பட்டம் வென்றது, 1991க்குப் பிறகு முதல் தடவையாக. இரண்டாம் இடம் வந்த போடோ கிளிம்ட்டைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். அந்த கிளிம்ட் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் ஒரு சின்ன ஊரின் டீம். 2021 அக்டோபரில் ரோமாவை 6-1 என்று சாத்தியவர்கள். 2025இல் யூரோப்பா லீக் அரையிறுதி வரை போனவர்கள். மஞ்சள் நிறத்தில் ஆள் உயர டூத் பிரஷ்ஷோடு ரசிகர்களைப் பார்த்தால் அது கிளிம்ட் கூட்டம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அவர்கள்மேல் பொறாமையும் உண்டு, பெருமையும் உண்டு. ஐரோப்பியப் போட்டி இரவுகளில் பெருமைதான் பேசும்.

மேட்ச் நேரத்தில் என்ன எழுதுவது

எங்கள் ஆபீஸ் டீமில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், பிரினே ஊர்க்காரர். ஸ்டவாங்கரிலிருந்து தெற்கே ரயிலில் போனால் வரும் பண்ணைப் பூமி, கால்பந்து நட்சத்திரம் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்த இடம். அந்த ஊர் கிளப் ஆட்டநாயகனுக்கு முட்டை அட்டைகளைப் பரிசாகக் கொடுத்தது 2025இல் உலகம் முழுக்கச் செய்தியானது. இவர் மெசேஜ் போடும் விதத்தைப் பார்த்தால் பாடமே கிடைக்கும்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அணிப் பட்டியல் வரும். அவர் ஒரு வரி போடுவார்: "இடது பேக் பெஞ்சில். முழங்காலா?" அவ்வளவுதான். இருபதாவது நிமிடம்: "நடுவில் இடைவெளி அதிகம். எதிர்த்த டீமின் எட்டாம் நம்பர் ஃப்ரீயாகத் திரிகிறான்." கோல் விழுந்தால் ஸ்கோரை மட்டும் எழுதுவார், பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறிகூட இருக்காது. தோற்றால் பத்து நிமிடம் மௌனம், பிறகு "அந்த கார்னரைக் காப்பாற்றியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி. திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் அதே கார்னரிலிருந்து பேச்சைத் தொடருவார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு மேட்சில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், ஒரு வீரரை, அல்லது ஒரு மூலையை. பார்த்ததைச் சின்னதாக எழுதுங்கள். "சூப்பர்", "வேற லெவல்" என்ற வகையில் எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள், ஏனென்றால் பதில் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. "ரைட் விங்கர் ஏன் இன்று உள்ளேயே வெட்டுகிறான்?" என்று கேட்டால் நான்கு பேர் வருவார்கள்.

ஒரு கறாரான விதி: ஸ்ட்ரீமில் பார்ப்பவர்களுக்குப் படம் தாமதமாக வரும், சில சமயம் அரை நிமிடம்கூட. மைதானத்தில் இருந்தபடி நீங்கள் கோல் என்று போட்டால் வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கணம் போய்விடும். கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். இதை மதிக்கிறவரை எல்லாருக்கும் பிடிக்கும்.

தேசிய அணி என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "1998இல் எங்கே இருந்தீர்கள்?" அந்த வருட உலகக் கோப்பையில், ஜூன் 23 இரவு மார்செய் நகரில் நார்வே பிரேசிலை 2-1 என்று வென்றது. கடைசி நேரத்தில் ரெக்டால் அடித்த பெனால்டி. அந்த வயதுக்காரர் யாராக இருந்தாலும் எந்த வீட்டில், யாரோடு, எந்தச் சோபாவில் என்பது வரை சொல்லுவார். அதன் பிறகு ஆண்கள் உலகக் கோப்பைக்கு அவர்கள் தகுதி பெற்றது 2025 நவம்பரில்தான். மிலானில் இத்தாலியை 4-1 என்று வென்ற அந்த இரவில் எங்கள் குரூப் தூங்கவே இல்லை.

பனிக்காலம்

நவம்பரிலிருந்து மார்ச் வரை வார இறுதிக் காலைகள் பனிச்சறுக்குக்குத்தான். பனிச்சறுக்கு வீரர் க்ளேபோ 2025இல் தன் சொந்த ஊரான டிரான்ஹெய்மில் நடந்த உலகப் போட்டியில் ஆறுக்கு ஆறு தங்கம் வென்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லிப் பேச்சு வளராது. மெழுகைப் பற்றிக் கேளுங்கள். கிளாசிக் முறையில் ஸ்கீயின் நடுப்பகுதி பனியைப் பிடிக்க வேண்டும், முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அதற்கேற்ற மெழுகு பனியின் வெப்பநிலையைப் பொறுத்தது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிப் புதுப்பனி விழும் நாளில் எதைப் போட்டாலும் தகராறுதான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் மெழுகு சரியாக அமையாமல் போனதை இன்றும் பேசுகிறார்கள். ரேஸ் ஆரம்பிக்கும்முன் "இன்று டிகிரி எவ்வளவு?" என்று நீங்கள் கேட்டாலே போதும், மிச்சத்தை அவர்களே எழுதுவார்கள்.

2025இல் அதே டிரான்ஹெய்மில் நார்வே ஸ்கீ ஜம்பிங் அணியினர் விதியை மீறி உடையைத் திருத்தியது வெளியானது. நார்வேக்காரர்களை அது உண்மையாகவே புண்படுத்திய விஷயம். அவர்களாக எடுத்தால் பேசுங்கள், நீங்கள் கிளறாதீர்கள்.

டிசம்பர் பெண்கள் ஹேண்ட்பால் மாதம். ஒலிம்பிக்கில் 2008, 2012, 2024 என மூன்று தங்கம் வாங்கிய அணி. விளையாட்டு புரிய ஒரு மேட்ச் பார்த்தால் போதும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் கூட்டம்

இது தனிக் குரூப், பெரும்பாலும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில். இளசுகள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பேரன் எடுத்தவர் ஒருவர் உண்டு. இந்த நாட்டுக்கு இதில் நீண்ட பழக்கம் இருக்கிறது. ஹாமர் நகரில் 1994 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்பீடு ஸ்கேட்டிங் அரங்கில்தான் பின்னாளில் பல ஆண்டுகள் ஈஸ்டர் விடுமுறையில் 'தி கேதரிங்' என்ற கம்ப்யூட்டர் திருவிழா நடந்தது. ஆயிரக்கணக்கானோர் சொந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே படுத்து எழுந்து விளையாடினார்கள். ஸ்கேட்டிங் வீரர் யோஹான் ஓலவ் காஸ் மூன்று தங்கம் வென்ற அதே கூரைக்குக் கீழே! 2016இல் பெர்கனில் ஒரு மேல்நிலைப் பள்ளி இ-ஸ்போர்ட்ஸைப் பாடமாகவே வைத்தது.

இங்கே ஊர்ப் பெருமை என்றால் ரெயின், அதாவது ஹோவார்ட் நிகார்ட். ஃபேஸ் அணிக்காக நீண்ட காலம் ஆடியவர். அவரைப் பற்றிப் பேச இரண்டு இரவுகள் தெரிந்திருக்க வேண்டும். 2018 ஜனவரியில் பாஸ்டன் மேஜர் (இந்த விளையாட்டின் மிகப் பெரிய போட்டி) இறுதி: மூன்றாவது மேப், அதாவது ஆடுகளம், இன்ஃபெர்னோ, ஃபேஸ் 15-11 முன்னிலை, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு எடுத்தால் கோப்பை. அங்கிருந்து எதிரணியான கிளவுட்நைன் இழுத்துக்கொண்டு போய் இரண்டாவது ஓவர்டைமில் 22-19 என்று பறித்தது. அடுத்தது 2022 மே, ஆன்ட்வெர்ப். பல நாட்டு வீரர்கள் சேர்ந்த அணி ஒன்று மேஜர் வெல்வது அதுதான் முதல் தடவை. தொடர்நாயகன் ரெயின். நான்கு வருடம் காத்திருந்து வந்த வெற்றி என்பதால் அதைச் சொல்லும்போது இவர்கள் குரலே மாறும்.

ஆடும்போது பேச்சு வேறு மாதிரி. எதிரி எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடி வாங்கியிருக்கிறான், இவ்வளவுதான் மைக்கில் வர வேண்டும். "ஏ சைட், இரண்டு பேர், ஒருத்தன் பாதி உயிர்" என்றால் சரி. செத்த பிறகு விளக்கம் கூடாது, உயிரோடு இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். காசு இல்லாத ரவுண்டில் எல்லாரும் சேர்ந்துதான் சேமிக்க வேண்டும், நீங்கள் மட்டும் துப்பாக்கி வாங்கினால் முகம் சுளிப்பார்கள். தோற்றாலும் முடிவில் 'ஜிஜி' (குட் கேம்) போட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும்.

செஸ், நமக்கும் அவர்களுக்கும் நடுவே

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் உலக சாம்பியன் ஆனதே 2013 நவம்பரில் நம் சென்னையில், ஆனந்தை 6.5-3.5 என்று வென்று. அங்கே மாலை 3 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே காலை 10:30. ஆபீஸ் நேரத்தில் நாடே செஸ் பார்த்த மாதம் அது. நீங்கள் சென்னை என்று சொன்னால் செஸ் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

நார்வே செஸ் போட்டி தொடங்கியதும் அதே 2013இல், இந்த ஸ்டவாங்கரில். 2024இல் பிரக்ஞானந்தா இங்கேதான் கார்ல்சனைக் கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர, ஆட்டத்தில் முதன்முதலாக வென்றார். 2025 ஜூன் 1 அன்று குகேஷ் வென்றார், கார்ல்சன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். நமக்குப் பெருமை பொங்கத்தான் செய்யும். ஆனால் குரூப்பில் அந்த மேஜை வீடியோவை அனுப்பாதீர்கள். ஆட்டத்தை அனுப்புங்கள்: தோற்கிற நிலையில் இருந்த பையன் எப்படித் தாங்கினான், கார்ல்சன் கைநழுவவிட்டது எந்த நகர்த்தலில். அன்று எங்கள் குரூப்பில் அந்த ஒரு கட்டத்தை வைத்து நள்ளிரவு வரை பேச்சு ஓடியது. கடைசியில் போட்டியை வென்றது கார்ல்சன்தான் என்பதையும் மறக்காமல் வாழ்த்துங்கள். அதே வருடம் ரியாத்தில் இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் சேர்ந்தது, அதையும் அவரே எடுத்தார். அதனால் இப்போது கவுன்டர் ஸ்ட்ரைக் குரூப்பிலும் செஸ் பேசலாம்.

குழந்தைகள் விஷயம்

உங்கள் பிள்ளை கிளப்பில் ஆடினால் பெற்றோர் குரூப் ஒன்று வரும். அங்கே பட்டியலில் எத்தனாவது இடம் என்று கேட்காதீர்கள். பிள்ளைக்கு 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன்பு தரவரிசை வைக்கக் கூடாது என்பது விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி. அந்தக் குரூப்பில் கேட்க வேண்டியது, இந்த வாரம் மேட்சில் விற்க வாஃபிள் மாவு யார் கலக்குகிறார்கள் என்பதுதான். நீங்களே முன்வந்து கலக்கினால் இன்னும் நல்லது.

கடைசியாக, ஆபீஸில் கட்டாயம் ஒரு ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைத்துப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) இருக்கும், இங்கிலாந்து லீக்குக்கு ஒன்று, நார்வே லீக்குக்கு ஒன்று. 2019 டிசம்பரில் கார்ல்சன் இங்கிலாந்து ஃபேன்டஸியில் உலக முதலிடத்தில் இருந்தார் என்றால் இந்த ஊரில் அதன் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள். லீக் கோடு கேட்டு இன்றே சேர்ந்துவிடுங்கள், சீசன் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்து ஃபேன்டஸியில் அணியை முதல் மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு மேட்ச் இருந்தால் அந்தக் கெடு பொதுவாக நார்வே நேரப்படி மாலை 7:30. ஏழு மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள், கேப்டன் யார் என்று குரூப்பில் கேளுங்கள். பிரினேக்காரர் ஹாலண்ட் என்றுதான் சொல்வார்.